முகமூடி மாலுமியின் இடுப்பெலும்பு

சர்க்கஸில் அவளுக்குப் பல்லி என்று பெயர். சுவர் என்று ஒன்று இருந்தால் போதும், ஏணி இல்லாமல் ஏறிவிடுவாள் என்பதால் கோமாளி ஒருவன் வைத்த பெயர் அது. முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அதே சர்க்கஸில் வாள் வித்தை காட்டிக்கொண்டிருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகள் பிறந்தாள். மகளுக்கு நாலு வயதானபோது சர்க்கஸ் முதலாளி கூடாரத்தை விற்றுவிட்டு அக்காள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். குதிரைகள் வண்டிக்காரர்களிடம் போயின. வாள் வித்தைக்காரர் சினிமாக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே அவரை மாஸ்டர் என்றார்கள். கதாநாயகனுக்கு வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது வேலை. கதாநாயகன் நல்ல அழகன். அவருடைய மீசைக்காகவே மூன்று படங்கள் ஓடியிருந்தன. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை மீசை என்றுதான் சொல்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்டமாட்டார், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவரிடம்கூட நலம் விசாரிப்பார். ஆனால் உயரம் என்றால் பயம். மாடிப்படி இறங்கும்போதுகூடக் கைப்பிடியை விடமாட்டார்.

இந்த மனிதரை வைத்துத்தான் கம்பெனி முதலாளி ஒரு கப்பல் படம் எடுக்க ஆசைப்பட்டார். கப்பலைப் பறிகொடுத்த மாலுமி ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு அதே கப்பலில் கூலியாளாக ஏறுகிறான். கொள்ளைக்காரர்களை ஒவ்வொருவராகக் கடலில் தள்ளிவிட்டுக் கப்பலையும் காதலியையும் மீட்கிறான். படத்தின் பெயர் ‘முகமூடி மாலுமி’. “முகமூடியைப் போட்டுட்டா தாவுறது யாருன்னு எவனுக்குத் தெரியப்போகுது?” என்று முதலாளி கேட்டாராம்.

மாஸ்டர் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார்.

“டூப் போட ஆம்பளைங்க நாலு பேரைப் பாத்துட்டாங்க. ஒருத்தனுக்குத் தொப்பை. ஒருத்தன் பனைமரம் மாதிரி இருக்கான். மத்த ரெண்டு பேரும் மேலே ஏறினதும் இறங்கமாட்டேங்கிறாங்க. நீ சரியா அவர் உசரம்.”

“மீசைக்கு எங்கே போறது?”

“முகமூடிக்குக் கீழே ஒட்டிக்கலாம்.”

பல்லி சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்துவிட்டாள்.

அந்த நாலு மாதமும் அவள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். கம்பெனியின் பின்பக்க மைதானத்தில் பாதிக் கப்பலைக் கட்டியிருந்தார்கள். கேமரா பார்க்கும் பக்கம் கப்பல், பார்க்காத பக்கம் சாரம். அடியில் பீப்பாய்களை அடுக்கி, எட்டுப் பேர் நீளக் கழிகளால் நெம்பினால் தளம் அலையில் ஆடுவதுபோல் ஆடும். உடுப்பு அறையில் இருந்த அக்கா பல்லியின் தோள்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தாள். மார்பை இறுக்கக் கட்டினாள். மீசையை ஒட்டிவிட்டு, “என் புருஷனைவிட நீதான் ஆம்பளை மாதிரி இருக்கே” என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள். பல்லி பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் ஓடினாள். கயிற்றைப் பிடித்து ஜன்னல் வழியாகப் பாய்ந்தாள். நூலேணியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டே மூன்று பேரோடு வாள் சண்டை போட்டாள். எதிரில் நின்ற மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்தது அவள் புருஷன்தான். வேடிக்கை பார்க்க யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் அவளைப் படுதாவுக்குப் பின்னால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

அவள் தாவி முடித்ததும் மீசைக்காரர் வருவார். நின்ற இடத்திலேயே நாற்பது எண்ணும்வரை குதித்து மூச்சிரைக்க வைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து, முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பார். அவள் தாவும்போது விரல்களால் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்ப்பார்.

“அக்கா, உங்களுக்குப் பயமே கிடையாதா?” என்று ஒருநாள் கேட்டார்.

“இருக்கு தம்பி. அதைக் கீழேயே வச்சிட்டுத்தான் ஏறுவேன்.”

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகளும் வந்து உடுப்பு அறை வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று யாரும் யோசிக்கவில்லை.

கடைசி நாள் எடுக்க வேண்டியது ஒரே ஒரு தாவல். பாய்மர உச்சியிலிருந்து தளத்தில் குதிப்பதுபோல் தளத்துக்கு வெளியே குதிக்க வேண்டும், கீழே வலை. முதல் தடவை மேலங்கி முகத்தை மூடிவிட்டது. இரண்டாவது தடவை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் கேமராவில் வலையின் ஓரம் தெரிகிறது என்றார் டைரக்டர்.

“மாஸ்டர், வலையை ஒரு கெஜம் தள்ளிப் போடலாமா?”

மேலே கட்டையில் நின்றிருந்த பல்லிக்கு இது தெளிவாகக் கேட்டது. மாஸ்டர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு டைரக்டரைப் பார்த்தார்.

“ஒரு கெஜம்தானே சார். பல்லிக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?”

முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். புருஷன் வாயிலிருந்து வந்த வார்த்தை. நாற்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதித்தாள். வலையின் விளிம்புக் கயிறு முதுகில் அடித்து அவளைத் திருப்பிப் போட்டது. சாரக் கட்டையில் இடது இடுப்பு மோதிய சத்தத்தைத் தான் கேட்டதாக உடுப்பு அக்கா பிற்பாடு பல பேரிடம் சொன்னாள். மாஸ்டர் ஓடிவந்து அவளை அள்ளித் தூக்கினார். வலியில் நினைவு தப்புவதற்கு முன் அவள் கேட்ட கடைசிக் குரல் டைரக்டருடையது. “கேமரா ஓடிச்சா? ஓடிச்சில்ல?”

ஓடியிருந்தது.

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. ஐந்து மாதம் மல்லாந்த படுக்கை. சமையல், துணி துவைப்பது, அவளுக்கு உடம்பு துடைத்துவிடுவது, எல்லாம் மாஸ்டர்தான் செய்தார். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. கட்டைப் பிரித்தபோது இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. தடி ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். “படி ஏறலாமா?” என்று கேட்டாள். “மெதுவா ஏறுங்க” என்றார் அவர்.

இந்த ஐந்து மாதத்தில் ஊரே தலைகீழாகியிருந்தது. பேசும் படம் வந்துவிட்டது. தியேட்டர்கள் திரைக்குப் பின்னால் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை மாட்டிவிட்டு, ஊமைப் படம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தன. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவு பணத்தைக் கொட்டி எடுத்த முகமூடி மாலுமி பெட்டிக்குள் கிடந்தது. அப்போது யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். படத்தை மறுபடி எடுக்க வேண்டாம். ஆரம்பத்தில் மட்டும் கதாநாயகன் வந்து ஜனங்களிடம் இரண்டு நிமிஷம் பேசட்டும், மற்றது அப்படியே இருக்கட்டும். ‘முகமூடி மாலுமி பேசுகிறார்’ என்று போஸ்டர் ஒட்டிவிடலாம்.

மீசைக்காரரின் குரல் எப்படி இருக்குமோ என்று எல்லோரும் பயந்தார்களாம். வெண்கல மணிபோல இருந்தது. முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். வரப்போகும் பேசும் படங்களுக்கெல்லாம் சண்டை சொல்லித்தர மாஸ்டரை நாலு வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாஸ்டர் இனிப்பு வாங்கிவந்து, படுக்கையில் இருந்தவளுக்கு முதலில் ஊட்டினார்.

படம் வெளிவந்த முதல் வாரத்தில் பகல் காட்சிக்கு மூன்று பேரும் போனார்கள். பல்லி தடியை நாற்காலிக்குக் கீழே மறைத்து வைத்தாள். தன்னைத் திரையில் இதுவரை பார்த்ததே இல்லை. மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. திரையில் மீசைக்காரர் வந்து, முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். வாய் அசைவதும் சத்தம் வருவதும் ஒன்றாக நடந்ததில் அரங்கமே வாயைப் பிளந்தது.

“அன்பர்களே, இந்த முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று சிலர் கேட்கிறார்கள். இதோ, நான்தான். இப்போது நீங்கள் பார்க்கப்போகிற ஒவ்வொரு தாவலும் இந்த உடம்பு தாவியது. பாய்மர உச்சியிலிருந்து விழுந்ததும் இந்த உடம்புதான். உங்களுக்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் விழுவேன்.”

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது.

“பொய்!” என்று மகள் கத்தினாள். “பொய் சொல்றாரும்மா! அது நீதானே?”

முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, “உஷ்! பிள்ளைய அடக்கும்மா” என்றார்.

பல்லி மகளைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து இரண்டு முழங்கால்களையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்தக் குனிவிலேயே விளங்கிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் ஓடியும் தாவியும் பறந்துகொண்டிருந்த தன் உடம்பை அவள் பார்த்தாள். கடைசியில் அந்தத் தாவலும் வந்தது. அவள் விழுந்ததை அப்படியே வைத்திருந்தார்கள். முதுகு திரும்பியது, கால் மடங்கியது, எல்லாம் இருந்தது. அரங்கம் ஐயோ என்றது. அடுத்த நொடியில் மீசைக்காரர் தளத்திலிருந்து எழுந்து, தூசியைத் தட்டிவிட்டுப் பல் தெரியச் சிரித்தார். ஜனங்கள் விசில் அடித்தார்கள். பல்லி தன் இடது இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

“அவர் அப்படிப் பேசப்போறார்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

மாஸ்டர் பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். “இதோ பாரு. டூப் போட்டது பொம்பளைன்னு வெளியே தெரிஞ்சா படமே படுத்துடும்னு முதலாளி சொல்லிட்டாரு. எங்களுக்குள்ளயே இருக்கும்னு காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. அது இல்லாம நாலு வருஷ வேலை இல்லேன்னுட்டாங்க.”

“என் பேரை நீங்க எழுதிக் குடுத்தீங்களா?”

“உனக்கும் சேர்த்து நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“சரி. அவரு பொய் சொல்லக் கூச்சப்படற மனுஷனாச்சே. எப்படி இவ்வளவு கணீர்னு சொன்னாரு?”

அதற்கு அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பல வாரமாக மனத்தில் போட்டுப் புழுங்கியதால் தானாகவே கொட்டிவிட்டது.

“அவரால முடியலை. மைக்கு முன்னாடி நின்னு பத்துப் பன்னண்டு தடவை திக்கினாரு. ‘விழுந்தது இந்த உடம்பு’ன்னு வந்ததும் நாக்கு குழறிடுது. ஃபிலிம் வீணாகுதுன்னு முதலாளி கத்துறாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. நான்தான்…” அவர் நிறுத்தினார். “வாளை வீசுற மாதிரி நினைச்சுக்கிட்டு ஒரே மூச்சுல சொல்லிடுங்க சார்னு சொல்லிக்குடுத்தேன். அதுக்கப்புறம் சரியா வந்துடுச்சு.”

பல்லி தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் அடிக்கப்போகிறாள் என்று நினைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பத்து நாள் கழித்து மகளின் பள்ளிக்கூடப் பையைத் துவைப்பதற்காகக் காலி செய்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் கையில் கிடைத்தது. ‘நான் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்’ என்று நூறு தடவை எழுதியிருந்தது. எழுத்துகள் முதல் பக்கத்தில் நேராக நின்று, நாலாவது பக்கத்தில் களைத்துச் சாய்ந்திருந்தன. அடியில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘தங்கள் மகள் வகுப்பில் நம்ப முடியாத கதைகளைச் சொல்லி மற்ற பிள்ளைகளோடு சண்டை போடுகிறாள். வீட்டில் கண்டித்துத் திருத்தவும்.’ அதற்கும் கீழே, ‘கண்டித்தேன்’ என்று எழுதி மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பல்லி அந்த நோட்டைப் பையில் திரும்ப வைத்தாள். பிறகு மறுபடி எடுத்து, அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் ரகசியம் என்று கையெழுத்துப் போட்டது முதலாளிக்காக. அதைக்கூட வயிற்றுப்பாடு என்று விழுங்கிவிடலாம். இதை யாருக்காகப் போட்டார்?

மறுநாள் மாஸ்டர் வெளி இடத்தில் படப்பிடிப்புக்குப் போயிருந்தார். பல்லி கம்பெனிக்குப் போனாள். வாசலில் இருந்தவன் புதியவன், உள்ளே விடவில்லை. உடுப்பு அக்காதான் பார்த்துவிட்டு ஓடிவந்து, “எங்க ஆளுடா அது” என்று அவனை அதட்டி அழைத்துப் போனாள்.

மீசைக்காரர் ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்கக்கா. உக்காருங்க. கால் இப்போ எப்படி இருக்கு?”

“இருக்கு தம்பி. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். பேப்பருக்குச் சொல்ல வேண்டாம். என் பொண்ணு ஒருத்திகிட்ட மட்டும், குதிச்சது உங்கம்மாதான்னு உங்க வாயால சொல்லிடுங்க. குழந்தையைப் பொய்க்காரின்னு எழுத வச்சுட்டாங்க.”

அவர் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். நடிக்கும்போது அவருக்குக் கண் கலங்காது, கிளிசரின் வேண்டும்.

“கண்டிப்பா சொல்றேன்க்கா. சனிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வாங்க. எனக்கும் மனசு உறுத்திக்கிட்டேதான் இருக்கு. தினமும் நாலு பேர் கேக்கறாங்க, எப்படி சார் குதிச்சீங்கன்னு. சொல்லிச் சொல்லி, இப்பல்லாம் நானே குதிச்ச மாதிரி கனவு வருது.”

சனிக்கிழமை மகளுக்குத் தலை வாரி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக் கூட்டிப்போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் வாயாலேயே கேட்கட்டும் என்று இருந்தாள்.

ஒப்பனை அறைக்குள் நுழைந்தபோது அங்கே முதலாளி உட்கார்ந்திருந்தார். கூடவே வெளியூர் தியேட்டர்காரர்கள் மூன்று பேர். பல்லியின் தடியைப் பார்த்ததும் முதலாளியின் புருவம் ஏறியது.

“யாரிது?”

மீசைக்காரர் எழுந்தார். வாயைத் திறந்தார். முதலாளியைப் பார்த்தார், தியேட்டர்காரர்களைப் பார்த்தார். படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுமே, அதுபோல அவர் கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“நம்ம மாஸ்டரோட பொண்ணு சார். என்னைப் பாக்கணும்னு ரொம்ப ஆசையாம்.”

பிறகு குனிந்து மகளின் தலையைத் தடவினார். மேஜையிலிருந்து தன் படம் ஒன்றை எடுத்தார். முகமூடியோடு வாளை உயர்த்திக்கொண்டு நிற்கிற படம். பேனாவை எடுத்து எழுதினார்: ‘தைரியமான குட்டிக்கு, முகமூடி மாலுமியின் அன்பு.’ மையை ஊதிக் காயவைத்துக் கையில் கொடுத்தார். தியேட்டர்காரர் ஒருவர் கைதட்டினார். மீசைக்காரர் கடைசிவரை பல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் தயங்கினால் சொல்ல வேண்டியதைப் பல்லி வழியெல்லாம் மனத்துக்குள் கோத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்தச் சின்ன முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகியிருந்தது.

திரும்பும் வழியில் மகள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அம்மாவின் நடைக்கு ஏற்ப நின்று நின்று வந்தாள்.

“திங்கக்கிழமை இதை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?”

“எடுத்துட்டுப் போ.”

கொஞ்ச தூரம் போனார்கள்.

“குதிச்சது யாருன்னு உனக்குத் தெரியும்ல, குட்டி?”

“தெரியும்மா. நீதான். நான்தான் பாத்தேனே.” மகள் படத்தில் கசங்கிய மூலையை விரலால் நீவிவிட்டாள். “ஆனா நீ இனிமே யார்கிட்டயும் சொல்லாதே, என்ன? நீ நடக்கிறதைப் பாத்துட்டு எல்லாரும் சிரிப்பாங்க.”

“சரி” என்றாள் பல்லி.

மாஸ்டர் வந்ததும் மகள் ஓடிப்போய்ப் படத்தைக் காட்டினாள். அவர் சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொடுத்தார். மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா பார் என்று மனைவியைக் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று வரவே இல்லை. சாப்பாடு ஆயிற்றா, துணி காய்ந்ததா, இவ்வளவுதான் பேச்சு. ஒரே அறையை வாடகைக்குப் பகிர்ந்துகொண்ட இரண்டு வழிப்போக்கர்கள்கூட அதைவிட அதிகம் பேசுவார்கள்.

கம்பெனிப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்குப் பிடிக்கவில்லை. படுதாவும் கித்தானும் தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை கேட்டுப் போனாள். காலுக்கு வேலை இல்லை, கைக்குத்தான். அவள் கையில் இன்னும் பலம் இருந்தது. தடித்த ஊசியைக் கித்தானில் ஏற்றி இழுத்துக் காட்டச் சொன்னார்கள். இழுத்த இழுப்பைப் பார்த்து மேஸ்திரி அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவள் தடியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“கால் என்னக்கா ஆச்சு?”

பல்லி டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

“மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள்.